நின்ற நிமிடங்களின் விலை: காகித ஆலையில் ஒப்பந்தச் செலவும் உற்பத்தித் திறனும்

1. கேள்வி

ஒரு காகித ஆலையில் பொதுவாக இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று நிதிப் பிரிவில் இருப்பது. எந்த ஒப்பந்ததாரருக்கு எந்த மாதம் எவ்வளவு பில் தொகை வழங்கப்பட்டது என்ற விவரம் அதில் இருக்கும். மற்றொன்று காகித மெஷினின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பது. எந்த ஷிப்டில் மெஷின் எத்தனை நிமிடம் நின்றது, எதனால் நின்றது என்று ஷிப்டுப் பொறுப்பாளர் அதில் எழுதிவைப்பார். முதலாவதைப் பார்த்துக் கையெழுத்திடுபவர் இரண்டாவதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இரண்டாவதை எழுதுபவருக்கு முதலாவதைக் காணும் வாய்ப்பே இல்லை.

ஒப்பந்தச் செலவைக் கட்டுப்படுத்துவது பற்றிய பேச்செல்லாம் முதல் பதிவேட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது, மறு ஒப்பந்தப்புள்ளி கோருவது, மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு வேலையைக் கொடுப்பது ஆகியவை அங்கே நடப்பவை. உற்பத்தித் திறனை உயர்த்தும் முயற்சிகள் இரண்டாவது பதிவேட்டைச் சார்ந்தவை: வேகத்தைக் கூட்டுதல், நிறுத்தத்தைக் குறைத்தல், நீராவியை மிச்சப்படுத்துதல். ஒப்பந்தச் செலவைக் குறைத்தால் ஆலையின் திறன் உயருமா, அல்லது ஒன்றில் மிச்சம் பிடித்த பணம் மற்றொன்றில் கசிந்துவிடுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கட்டுரையின் வாதம் இது: ஒப்பந்தத்தின் விலை வேறு, ஒப்பந்தத்தால் ஆகும் செலவு வேறு. விலை பில்லில் தெரியும். செலவின் பெரும்பகுதி மெஷின் நின்ற நிமிடங்களிலும், மூலப்பொருளான கரும்புச் சக்கையின் ஈரத்திலும், தாளை உலர்த்தும் டிரையரில் வீணாகும் நீராவியிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவையில் வைத்துப் பார்க்காதவரை எந்தச் சிக்கனமும் நிரூபிக்கப்பட்டதாகாது. பின்வரும் பகுதிகள் முதலில் ஆலையின் வேலைப் பங்கீட்டையும், அடுத்து இதுவரை வந்த விளக்கங்களையும், பிறகு நான்கு கணக்குகளையும், சட்டத்தின் பணிப் பிரிவினையையும் பாதுகாப்பையும், கடைசியில் எதிர்வாதங்களையும் மாற்று வழிகளையும் பரிசீலிக்கின்றன. கணக்குகளில் வரும் ரூபாய் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்த ஆலையின் உள்கணக்கும் அல்ல.

2. ஆலையும் அதன் வேலைப் பங்கீடும்

இக்கேள்வியை ஆராயத் தமிழ்நாடு ஏற்ற களம். காவிரிக் கரையில், ஈரோட்டுக்கு எதிர்க்கரையான பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை 1962இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், கரூர் மாவட்டக் காகிதபுரத்தில், மாநில அரசு 1979இல் நிறுவிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984இல் உற்பத்திக்கு வந்தது. ஆண்டுக்கு 90,000 டன் திறனோடு தொடங்கிய அந்த ஆலை பின்னர் 4 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்தது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அதன் இரண்டாவது அலகு 2016இல் அட்டை உற்பத்தியைத் தொடங்கியது. இவை தவிர, உடுமலை, கோவை, ஈரோடு வட்டாரங்களில் பழைய காகிதத்திலிருந்து கிராஃப்ட் காகிதமும் அட்டையும் செய்யும் சிறு, நடுத்தர ஆலைகள் பல.

காகிதபுரம் ஆலை கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவிடும் என்பதால், அதற்கு ஈடாக எரிபொருளோ நீராவியோ கொடுத்துச் சக்கையைப் பெறும் பண்டமாற்று ஏற்பாடு உருவானது. பள்ளிபாளையத்தில் பொன்னி சர்க்கரை ஆலையும் சேஷசாயி ஆலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து சக்கையைப் பகிர்ந்துகொள்கின்றன. கரும்பு அரைவை பருவத்துக்கு உட்பட்டது. காகித மெஷின் ஆண்டு முழுக்க ஓட வேண்டியது. எனவே பருவத்தில் வரும் சக்கையை மலைபோலக் குவித்து, நீர் தெளித்து, ஈரமாகவே சேமிக்கிறார்கள். இறக்குவது, குவிப்பது, அள்ளுவது, கன்வேயரில் தள்ளுவது என்று இந்த ஒரு மூலப்பொருளைச் சுற்றியே ஏராளமான வேலைகள் உண்டு.

ஆலையில் ஒப்பந்தத்துக்குப் போகும் வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை யார்டு வேலை: சக்கை, மரக்கட்டை, பழைய காகிதம், நிலக்கரி, சாம்பல், ரீல் ஆகியவற்றைக் கையாள்வது. இதற்கு டன் கணக்கில் கூலி. இரண்டாவது வகை அன்றாடப் பராமரிப்பும் துப்புரவும்: ஃபெல்ட் மாற்ற உதவுவது, பம்ப் கழற்றி மாட்டுவது, மெஷினைச் சுற்றிப் படியும் கூழையும் பாசியையும் கழுவுவது. இதற்குப் பெரும்பாலும் ஆள் கணக்கு. மூன்றாவது வகை ‘ஷட்’ வேலையும் சிறப்புத் திறன் வேலையும்: மெஷினையோ கொதிகலனையோ நிறுத்திச் செய்யும் பெரும் பராமரிப்பு, உருளை கடைதல், அதிர்வு அளத்தல், கொதிகலன் குழாய் வெல்டிங். இதற்கு வேலைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை.

மூன்றின் இயல்பும் வேறு. ஆனால் ஒப்பந்தப்புள்ளியில் மூன்றும் ஒரே கேள்வியைத்தான் சந்திக்கின்றன: யார் குறைவாகச் சொன்னது?

3. இதுவரை வந்த விளக்கங்கள்

ஒரு நிறுவனம் எந்த வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும், எதை வெளியில் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியைப் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937இலேயே எழுப்பினார். சந்தையைப் பயன்படுத்துவதற்கும் ஒரு செலவு உண்டு என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. ஆளைத் தேடுவது, பேரம் பேசுவது, வேலையைச் சரிபார்ப்பது ஆகியவற்றுக்கான செலவு, வேலையை உள்ளே வைத்துக்கொள்வதைவிட மிகும்போது நிறுவனம் அதைத் தானே செய்யும். 2009இல் நோபல் பெற்ற ஆலிவர் வில்லியம்சன் இதை மேலும் கூர்மையாக்கினார். ஓர் இடத்துக்கே, ஒரு மெஷினுக்கே உரிய திறன் தேவைப்படும் வேலையைச் சந்தையில் வாங்குவது கடினம் என்றார். ஒரு பிரஸ் பகுதியின் குணத்தை அறிந்த ஃபிட்டர் வேறோர் ஆலையில் சாதாரண ஃபிட்டர்தான். இந்த ஆலைக்கு அவர் இழப்பு ஈடற்றது. இந்த விளக்கத்தின்படி, அத்தகையவரை ஆண்டுக்கு ஒருமுறை ஏலத்தில் எடுப்பது தவறான முறை.

பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ராமும் பால் மில்கிராமும் 1991இல் முன்வைத்த கருத்து நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவர் பல வேலைகளைச் செய்யும்போது, அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் ஊதியத்தைக் கட்டினால், அளக்க முடியாதது கைவிடப்படும். டன்னுக்குக் கூலி என்றால் டன் கிடைக்கும். சக்கையோடு வரும் மண்ணையும் கல்லையும் யாரும் பொறுக்கி எறியப்போவதில்லை. ஆளுக்குக் கூலி என்றால் ஆள் கிடைப்பார். வேலை சீக்கிரம் முடிவதில் ஒப்பந்ததாரருக்கு லாபமில்லை.

தொழிலாளர் சட்டத்தின் பார்வை வேறு. ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம், 1970 வேலையின் இயல்பைக் கேட்டது: அது ஆண்டு முழுக்க நடப்பதா, ஆலையின் உற்பத்திக்கு இன்றியமையாததா, பிற இடங்களில் நிரந்தரத் தொழிலாளர்களால் செய்யப்படுவதா? அப்படியானால் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் ஆலையே தர வேண்டும் என்றும் விதித்தது. தடைக்குப் பிறகு தொழிலாளர் தாமாகவே ஆலையின் பணியாளராகிவிடுவர் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் ஏர் இந்தியா வழக்கில் கூறியது. 2001இல் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மாற்றி, தானாகச் சேர்ப்பு இல்லை என்றது. தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் உண்டு: 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தனை சட்டங்களுக்கிடையிலும் ஒப்பந்த முறை சுருங்கவில்லை. ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பின்படி, அமைப்புசார் உற்பத்தித் துறைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளரின் பங்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்தது. 2022-23இல் அது ஐந்தில் இரண்டைத் தாண்டிவிட்டது.

பொருளியல் விளக்கம் பேரத்தின் செலவைப் பார்க்கிறது. சட்டம் தொழிலாளியின் நிலையைப் பார்க்கிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் மெஷின் எங்கே பணத்தை இழக்கிறது என்பதை இரண்டுமே காட்டுவதில்லை. அதற்குக் கணக்கில் இறங்க வேண்டும்.

4. நான்கு கணக்குகள்

4.1 கூலிக் கணக்கு

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் கூலி 100 ரூபாய் என்று கொள்வோம். வருங்கால வைப்புநிதிக்கு வேலையளிப்பவர் பங்கு 12, அதோடு காப்பீட்டுக்கும் நிர்வாகத்துக்கும் தலா அரை ரூபாயாக ஒன்று, ஆக 13. ஈ.எஸ்.ஐ.க்கு 3.25. குறைந்தபட்ச போனஸ் 8.33. கூட்டினால் 124.58. விடுப்பு ஊதியம், பணிக்கொடை, கையுறை, காலணி, கருவிகள், மேஸ்திரி, வட்டி எல்லாம் இதற்கு மேல். இவற்றைச் சேர்க்காமலேயே 124.58 ஆகும் ஓர் ஆளை, ஒருவர் 120க்குத் தருவதாக ஒப்பந்தப்புள்ளி கொடுத்தால் அவர் திறமைசாலி என்று முடிவுகட்ட முடியாது. மீதி 4.58 எங்கிருந்தோ வர வேண்டும்.

அது வரக்கூடிய வழிகள் சிலவே. பத்துப் பேருக்குப் பில் போட்டு எட்டுப் பேரை அனுப்புவது; வைப்புநிதியைக் கட்டாமல் தள்ளிப்போடுவது; அனுபவமுள்ளவர் பெயரில் புதியவரைக் கொண்டுவருவது; எட்டு மணி நேர ஆளைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்துவது. முதல், மூன்றாவது வழிகளில் ஆலை ஏமாறுகிறது. மற்ற இரண்டில் முதலில் தொழிலாளி ஏமாறுகிறார், பிறகு ஆலையும். வைப்புநிதி நிலுவைக்கும் கூலி நிலுவைக்கும் பொறுப்பு கடைசியில் ஆலையின் தலையில்தான் விழும் என்பதால், சேமித்ததாகக் காட்டிய தொகை நிலுவைக் கடனாக மாறி நிற்கிறது. மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் முறை, சட்டப்படியான செலவையும் போட்டிக்கு உட்படுத்திவிடுகிறது. போட்டி நடக்க வேண்டிய இடம் அதுவல்ல.

4.2 ஈரக் கணக்கு

சர்க்கரை ஆலையிலிருந்து வரும் சக்கையில் ஏறத்தாழ பாதி நீர். ஒரு டன் சக்கையில் 50 விழுக்காடு ஈரம் இருந்தால் உலர் பொருள் 500 கிலோ. நீர் தெளித்துக் குவித்த சக்கை 60 விழுக்காடு ஈரத்தோடு எடை மேடைக்கு வந்தால் உலர் பொருள் 400 கிலோ. கையாளும் கூலி ஈர டன்னுக்கு என்று ஒப்பந்தம் இருந்தால், அதே விகிதத்தில் உலர் டன்னுக்கு ஆகும் கூலி 25 விழுக்காடு கூடிவிடுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை, விகிதமும் உயரவில்லை. ஆலை நீரைச் சுமந்ததற்கும் கூலி கொடுத்திருக்கிறது.

பழைய காகிதம் வாங்கும் ஆலைகளில் இந்தக் கணக்கு இன்னும் வலிக்கும். பேலின் உள்ளே ஈரமும், பிளாஸ்டிக்கும், மெழுகுத் தாளும் இருக்கும். இறக்கும் குழுவுக்கு எடைக்குக் கூலி. பிரிக்கும் குழுவுக்கு ஆளுக்குக் கூலி. பிளாஸ்டிக்கைப் பொறுக்காமல் விட்டால் அது கூழாக்கும் பல்ப்பருக்குள் போய், சல்லடையை அடைத்து, மிச்சம் தாள் உருவாகும் வயர் வரை வந்து காகிதத்தைக் கிழிக்கும். கிழிந்த நிமிடங்கள் மெஷின் பதிவேட்டில் ‘பிரேக்’ என்று ஒரு சொல்லாக ஏறும். அதற்கு முந்தைய ஷிப்டில் பிரிக்கும் இடத்தில் எத்தனை பேர் குறைவாக இருந்தார்கள் என்பது அங்கே எழுதப்படுவதில்லை.

4.3 நீராவிக் கணக்கு

காகித மெஷினின் தலைப்பகுதியில் விழும் கூழில் ஏறத்தாழ 99 பங்கு நீர், ஒரு பங்கு நார். வயரிலும் உறிஞ்சு பெட்டிகளிலும் நீர் வடிகிறது, பிரஸ்ஸில் பிழியப்படுகிறது, மீதியை டிரையரில் நீராவி ஆவியாக்குகிறது. வடிப்பதும் பிழிவதும் மலிவு, ஆவியாக்குவது செலவு.

பிரஸ்ஸிலிருந்து வெளிவரும் தாளில் நார் 42 விழுக்காடு என்றால், ஒரு கிலோ நாருடன் 1.38 கிலோ நீர் போகிறது. 43 விழுக்காடு என்றால் 1.33 கிலோ. கடைசியில் தாளில் 5 விழுக்காடு ஈரம் நிற்க வேண்டும் என்று கொண்டு கணக்கிட்டால், பிரஸ்ஸில் கூடும் ஒரே ஒரு விழுக்காட்டுப் புள்ளி, டிரையர் ஆவியாக்க வேண்டிய நீரை ஏறத்தாழ 4 விழுக்காடு குறைக்கிறது. காகிதத் தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் இந்த விதியை யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

அந்த ஒரு புள்ளியைத் தீர்மானிப்பவை எவை? ஃபெல்ட் அடைபடாமல் இருப்பது, அதைக் கழுவும் நாஸில்கள் திறந்திருப்பது, வெற்றிடக் குழாய்களில் கசிவு இல்லாமல் இருப்பது, பிரஸ் உருளை சரியாகக் கடையப்பட்டிருப்பது. பல ஆலைகளில் இவற்றில் கணிசமான வேலை ஒப்பந்தக் குழுக்களின் கையில். நாஸில் சுத்தம் செய்பவர் இருவரை ஒருவராக்கினால் ஒப்பந்தப் பில்லில் அது உடனே சேமிப்பாகத் தெரியும். கூடுதலாகச் செலவான நீராவி நிலக்கரிக் கணக்கில் கரைந்து, கொதிகலன் பிரிவின் குறையாகப் பேசப்படும்.

4.4 நிறுத்தக் கணக்கு

ஒரு நாளைக்கு 300 டன் உற்பத்தி செய்யும் மெஷினை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 12.5 டன். மூலப்பொருள், எரிபொருள் போன்ற மாறும் செலவு போக டன்னுக்கு 15,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், ஒரு மணி நேர நிறுத்தத்தின் விலை 1,87,500 ரூபாய். பத்து ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறுத்தினால் என்ன மிச்சம்? நாள் கூலி 700, மாதம் 26 நாள் எனில் 1,82,000 ரூபாய். அதாவது பத்துப் பேரை மாதம் முழுக்க நிறுத்திக் கிடைப்பது, மெஷின் மாதத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றாலே போய்விடுகிறது.

இந்தக் கணக்கு ஆள் குறைப்பு எப்போதும் தவறு என்று நிறுவவில்லை. பத்துப் பேர் உண்மையிலேயே தேவைக்கு மிகுதியாக இருக்கலாம். ஆனால் தேவையா மிகுதியா என்பதைத் தீர்க்க, அவர்கள் இருந்தபோதும் இல்லாதபோதும் நிறுத்த நிமிடங்கள் எப்படி இருந்தன என்ற ஒப்பீடு வேண்டும். அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் ‘சேமித்தோம்’ என்று ஆண்டறிக்கையில் எழுதுவது பாதிக் கணக்கு.

5. மையப் பணியும் துணைப் பணியும்: ஒரு பொருந்தாப் பிரிவினை

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும் இச்சட்டம், நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. அதற்கு விலக்குகளும் தருகிறது. துப்புரவு, ஏற்றி இறக்குதல், காவல், உணவகம், தோட்டம், அவ்வப்போது வந்துபோகும் பணிகள் ஆகியவை, நிறுவனமே அவற்றுக்காக அமைக்கப்பட்டிராதவரை, மையப் பணியில் சேரா.

அலுவலகக் கட்டடத்துக்கு இந்தப் பிரிவினை பொருந்தும். காகித மெஷினின் ஈரப் பகுதிக்குப் பொருந்துவது சந்தேகம். அங்கே வெதுவெதுப்பான நீரும் மாவுப் பொருளும் நாரும் கலந்திருப்பதால் நுண்ணுயிர்கள் பெருகி, மெஷின் சட்டகங்களின் அடியிலும் பெட்டிகளின் மூலையிலும் வழவழப்பான படலம் கட்டும். படலம் பிய்ந்து தாளில் விழுந்தால் அந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை பிரஸ்ஸிலோ டிரையரிலோ கிழிசலாகும். ஹோஸ் பிடித்து அதைக் கழுவித் தள்ளும் தொழிலாளியின் வேலை சட்டத்தின் கண்ணில் துப்புரவு. மெஷினின் கண்ணில் அது உற்பத்தி. சக்கையை இறக்கும்போது மண்ணைத் தனியே ஒதுக்குவதும் அப்படியே: பெயர் ஏற்றி இறக்குதல், விளைவு கூழின் தரம்.

எனவே எந்த வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்ற ஒரே கேள்வியால் முடிவுசெய்ய முடியாது. அந்த வேலையில் நேரும் பிழை எவ்வளவு தூரம் மெஷினுக்குள் பயணிக்கும் என்பதும் கேள்வி. தோட்ட வேலையில் பிழை தோட்டத்தோடு நிற்கும். ஈரப் பகுதித் துப்புரவில் பிழை ரீல் வரை போகும். சட்டப் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கலாம். ஒப்பந்த முறையில் இரண்டும் ஒன்றாக நடத்தப்படக் கூடாது.

480 நாள் சட்டத்தின் மறைமுக விளைவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளிக்குப் பாதுகாப்பாக வந்த சட்டம் அது. ஆனால் நிரந்தர உரிமை எழுந்துவிடுமோ என்று அஞ்சும் நிர்வாகம், தொடர்ச்சியை முறிப்பதிலேயே கவனம் செலுத்தினால், பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் பழகாதவரை எடுக்கும் நிலை வரும். வில்லியம்சன் சொன்ன இடத்துக்கே உரிய திறன் ஒவ்வொரு முறையும் வாயிலுக்கு வெளியே போகும். இதற்குச் சட்டத்தைப் பழிப்பதைவிட, தொடர்ச்சியின் மதிப்பை நிர்வாகம் எந்தக் கணக்கிலும் எழுதாமல் இருப்பதையே காரணமாகக் கொள்வது பொருத்தம்.

6. தொட்டிக்குள் இறங்குபவர்

பாதுகாப்பைச் செலவுக் கணக்கோடு வைத்துப் பேசுவது உறுத்தும். ஆனாலும், ஒப்பந்தச் செலவைக் குறைக்கும்போது முதலில் மெலிவது அதுதான் என்பதால் தவிர்க்க முடியாது.

கூழும் கழிவு நீரும் காற்றுப் படாமல் தொட்டியில் தேங்கினால் அழுகும். அழுகலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகி, கசண்டுக்குள் அடங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் கிளறியதும் வெளிவரும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை நாற்றம். அளவு ஏறினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று ஆள் நினைக்கும் நேரம் அதுவே மிக ஆபத்தான நேரம். 2020 மே மாதம், சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில், பொதுமுடக்கத்தால் நின்றிருந்த ஒரு காகித ஆலையை மறுபடி ஓட்டுவதற்காகத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது 7 தொழிலாளர்கள் வாயுத் தாக்குதலுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

தொழிற்சாலைகள் சட்டம், 1948 தன் 36ஆம் பிரிவிலேயே இத்தகைய மூடிய இடங்களில் இறங்குவதற்கு முன்நிபந்தனைகளை வகுத்தது: வாயுச் சோதனையின் பேரில் எழுத்து வடிவச் சான்று, அல்லது மூச்சுக் கருவியும் வெளியே கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆளும். இதில் கடைசியாகச் சொன்னவர் எதையும் ‘செய்வதில்லை’. நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னால் மேஸ்திரியின் கண்ணில் முதலில் படுவது அவர்தான். விபத்துகளில் உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற மூச்சுக் கருவி இல்லாமல் இறங்குபவரும் மயங்கி விழுவது வழக்கம். ஆகவே வெளியே நிற்கும் அந்தக் காவல் ஆளின் கூலியைப் போட்டி விலையிலிருந்து வெளியே எடுத்து, ஆலையின் சொந்தப் பணியாளரையே அங்கு நிறுத்துவது நியாயம்.

7. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் நெகிழ்வு பற்றியது. சக்கை பருவத்தில் குவிகிறது. ஆண்டுக் கொதிகலன் ஆய்வுக்கு ஆலை நிற்கும் நாட்களில் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஆட்கள் தேவை. அத்தனை பேரையும் ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள எந்த ஆலையாலும் முடியாது. இது வலுவான வாதம். ஒப்பந்த முறைக்கு நேர்மையான நியாயமும் இதுவே. ஆனால் அது பருவ வேலைக்கும் ஷட் வேலைக்கும் மட்டுமே பொருந்தும். ஆண்டின் எல்லா நாளும் மூன்று ஷிப்டிலும் நடக்கும் வேலைக்கு நெகிழ்வைக் காரணம் காட்டுவது பெயரளவில்தான்.

இரண்டாவது, சந்தை மந்தமாக இருக்கும்போது நிறுத்தத்தின் விலை குறைவு என்பது. கிடங்கில் காகிதம் தேங்கியிருக்கும் மாதத்தில் ஒரு மணி நேர நிறுத்தம் 1,87,500 ரூபாய் இழப்பு என்று சொல்ல முடியாது. இழந்த டன்னைப் பின்னர் ஓட்டிக்கொள்ளலாம். இதை ஏற்க வேண்டும். எனினும் திட்டமிட்டு நிறுத்துவதும் கிழிசலால் நிற்பதும் ஒன்றல்ல. கிழிசலின்போது டிரையர் சூடாகவே சுழல்கிறது, பம்புகள் ஓடுகின்றன, கிழிந்த தாள் மறுபடி கூழாகிறது. மந்தத்தில் லாப இழப்பு சுருங்கும். ஆற்றல் இழப்பு அப்படியே நிற்கும்.

மூன்றாவது, திறன் உயர்வு மூலதனத்தால் வருவது, ஒப்பந்த நுணுக்கத்தால் அல்ல என்பது. இதற்கு ஆதாரமும் உண்டு. மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகத்தின் ‘பாட்’ (PAT) என்ற ஆற்றல் சேமிப்புத் திட்டத்தின் முதல் சுற்றில், 2012 முதல் 2015 வரை, 31 காகித ஆலைகளுக்குச் சேர்த்து 1,19,000 டன் எண்ணெய்க்கு ஈடான ஆற்றல் சேமிப்பு இலக்கு வைக்கப்பட்டது. எட்டியது 2,89,000 டன். புதிய கொதிகலன்கள், டர்பைன்கள், வேகம் மாற்றும் மோட்டார்கள் இதில் பங்காற்றின. ஆனால் இதே எண்ணை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். அத்திட்டம் ஆலைக்குள் நுழையும் எல்லா ஆற்றலையும் வெளியேறும் பொருளின் டன்னால் வகுத்து ஒரே எண்ணாக்கியது. வாயிலிலிருந்து வாயில் வரை அளந்ததால், ஒரு பிரிவு தன் செலவை மற்றொரு பிரிவின் மேல் தள்ளிச் சேமிப்புக் காட்ட வழி இல்லாமல் போனது. ஒப்பந்தச் செலவுக்கு அப்படியொரு வாயில் கணக்கு இல்லை.

8. என்ன மாற்றலாம்

முதல் மாற்றம் அளவையில். விற்கத் தகுந்த ஒரு டன் காகிதத்துக்கு ஒப்பந்தம் சார்ந்த மொத்தச் செலவு எவ்வளவு என்று ஒரே எண்ணை உருவாக்க வேண்டும். பில் தொகை, சட்டப்படியான நிலுவை, மறுவேலை, ஒப்பந்த வேலையால் நேர்ந்த நிறுத்தம், விபத்துச் செலவு எல்லாம் அதில் அடங்க வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. நிறுத்தப் பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டத்துக்கு அருகே, அந்தப் பாகத்தில் கடைசியாக வேலைசெய்த பணி ஆணையின் எண்ணை எழுத ஒரு கட்டம் போதும். ஆறு மாதத்தில் எந்தப் பணி ஆணைக்குப் பின்னால் எத்தனை நிமிடம் நின்றது என்பது தெரியவரும். பழி சுமத்த அதைப் பயன்படுத்தினால் மட்டும் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

இரண்டாவது, வேலைக்கு ஏற்ற ஒப்பந்த வடிவம். யார்டு வேலைக்கு உலர் டன் விகிதம். மண், கல், பிளாஸ்டிக் குறைவுக்குத் தனி ஊக்கத்தொகை. ஈரப் பகுதித் துப்புரவு போன்ற, பிழை தூரம் பயணிக்கும் வேலைகளுக்கு இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம்; ஒப்பந்ததாரர் மாறினாலும் பழகிய குழு தொடரும் விதி; முடிந்த இடங்களில் ஆலையின் சொந்தப் பணியாக்குதல். ஷட் வேலைக்கு மொத்தத் தொகை சரி. ஆனால் வேலை முடிந்த நேரமாக மெஷின் சுழலத் தொடங்கிய நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் விற்கத் தகுந்த ரீல் இறங்கி, அடுத்த மூன்று நாளில் அதே பாகத்தால் நிறுத்தம் வராதிருந்தால்தான் கடைசித் தவணை என்று வைத்தால், அவசரத்தில் விட்ட போல்ட்டுகள் குறையும்.

மூன்றாவது, ஒப்பந்தப்புள்ளியில் போட்டியின் எல்லை. கூலி, வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., போனஸ், விடுப்பு, பாதுகாப்புக் கருவி ஆகியவற்றை ஆலையே கணக்கிட்டு மாறாத தொகையாக அறிவித்துவிட வேண்டும். மேற்பார்வை, கருவி, திட்டமிடல், ஒப்பந்ததாரர் கட்டணம் ஆகியவற்றில் மட்டும் போட்டி இருக்கட்டும். கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்ததற்கான சான்றைப் பார்த்த பிறகே அடுத்த பில் என்ற ஒழுங்கும் வேண்டும்.

நான்காவது, வேலை வரையறை. ஷட் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது வேலைப் பட்டியலை மூடிவிடும் கட்டுப்பாடு ஆலைக்கே வேண்டும். பாகத்தைப் பிரித்த பிறகு வேலையைக் கூட்டினால், பேரம் பேசும் வலிமை முழுவதும் ஒப்பந்ததாரர் பக்கம் போய்விடும். ஒப்பந்தச் செலவு உயர்வதற்கு ஒப்பந்ததாரரின் பேராசையைக் காரணம் சொல்லும் இடங்களில், நிர்வாகத்தின் தயாரிப்பின்மையே பாதிக் காரணமாக இருப்பதுண்டு.

9. முடிவாக

ஒப்பந்தச் செலவைக் குறைத்தால் திறன் உயருமா என்ற கேள்விக்கு, எந்த வேலையின் ஒப்பந்தம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பிழை அந்த இடத்திலேயே நின்றுவிடும் வேலைகளில் குறைந்த விலை உண்மையான சேமிப்பு. பிழை மெஷினுக்குள் பயணிக்கும் வேலைகளில் குறைந்த விலை பெரும்பாலும் தள்ளிவைத்த செலவு. இரண்டையும் பிரித்தறிய நிதிப் பிரிவின் பதிவேட்டையும் மெஷின் பதிவேட்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும்.

அப்படி வைத்தாலும் ஒன்று மீதமிருக்கும். இரவு ஷிப்டில் ஹோஸ் பிடித்து, பெட்டியின் அடிமூலையில் கட்டியிருந்த படலத்தை ஒருவர் கழுவித் தள்ளுகிறார். அதனால் விடியற்காலையில் நேர்ந்திருக்கக்கூடிய கிழிசல் நேரவில்லை. நேராத கிழிசலைப் பதிவேட்டில் எழுத முடியாது. அவருடைய கூலி மட்டும் மறு பதிவேட்டில் செலவாக ஏறும். ஆகவே நின்ற நிமிடங்களை எண்ணுவதோடு, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் மெஷின் ஓடிய மணிகளையும் எண்ணி, அந்த மணிகளில் எந்தக் குழு பணியில் இருந்தது என்று எழுதிவைக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளியைத் திறக்கும் மேசையில் அந்தத் தாளும் இருந்தால், யார் குறைவாகச் சொன்னது என்ற கேள்விக்கு முன் கேட்க இன்னொரு கேள்வி கிடைக்கும்.